எண்ணும் பெயரும்: ஊவா மலைகளில் ஒரு புதையல் வேட்டை

புதையல் என்னும் சொல்லுக்கு நம் நாட்டில் ஒரு தனி மயக்கம் உண்டு. பாழடைந்த விகாரையையோ, தூர்ந்துபோன குளக்கட்டையோ, எழுத்துத் தேய்ந்த கற்றூணையோ கண்டால், அதனடியில் பொற்குடம் ஒன்று இருந்தே தீரும் என்று நம்புவோர் இன்றும் இருக்கின்றனர். நள்ளிரவில் மண்வெட்டியும் பூசைத் தட்டுமாகச் சென்று பொலிசாரிடம் அகப்பட்டோரின் செய்திகளையும் நாம் பத்திரிகைகளில் படிக்கத்தான் செய்கிறோம். நான் இங்கே சொல்லப் புகுந்த புதையல் வேட்டை அவ்வகையைச் சேர்ந்ததன்று. இதிலே பொன் இல்லை; காவல் காக்கும் பூதமும் இல்லை; மண்ணைத் தோண்டுவதோ விதிக்கே விரோதம். பெட்டியைத் திறந்தால் உள்ளே இருப்பவை ஒரு சிறு குறிப்புப் புத்தகமும், ஒரு பென்சிலும், நாலைந்து சில்லறைப் பொருள்களுமே. அவற்றிற்காக உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் மலை ஏறுகின்றனர், பாலைவனத்தில் அலைகின்றனர்.

இந்த விளையாட்டின் பெயர் 'ஜியோகேச்சிங்'. புவிப்புதையல் வேட்டை என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். சென்ற மார்கழியில் இதனைப் பதுளைச் சீமைத் தோட்டங்களிடையே சற்றே விளையாடிப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அவ்வாறு பார்த்ததில், விளையாட்டல்லாத ஒரு காரியமும் அதனுள் ஒளிந்திருக்கக் கண்டேன்.

வானத்திலிருந்து வந்த விளையாட்டு

ஒளித்து வைப்பதும் தேடுவதும் மனிதனுக்குப் புதியவை அல்ல. இங்கிலாந்திலே டார்ட்மூர் என்னும் மேட்டுநிலத்தில், 1854இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, எளிதில் அடைய முடியாத கிரான்மியர் குளத்தருகே ஒரு பாத்திரத்தை வைத்தார். அங்கே நடந்து சென்று சேர்ந்தவர்கள் தங்கள் பெயர்ச்சீட்டை அதில் இட்டுத் திரும்பினர். அதிலிருந்து கடிதப்பெட்டி வேட்டை என்றொரு பொழுதுபோக்கே வளர்ந்தது.

இக்கால வேட்டைக்கு வழி திறந்தது வானம். பூமிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில், அமெரிக்கா ஏவிய செயற்கைக் கோள்கள் இருபத்து நான்குக்குக் குறையாமல் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் உண்டு. தாம் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் அவை ஓயாது அறிவித்த வண்ணம் இருக்கும். கையிலுள்ள கருவி, குறைந்தது நான்கு கோள்களின் குரலைக் கேட்டு, ஒவ்வொன்றும் வந்து சேரச் சென்ற காலத்தை அளந்து, தான் நிற்கும் இடத்தைக் கணித்துக்கொள்கிறது. நேரத்திலே ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிசகினால், தூரத்திலே 300 மீற்றர் பிசகும் என்றால், அக்கடிகாரங்களின் நுட்பத்தை எண்ணிப் பாருங்கள்.

இராணுவக் காரணத்தால் பொதுமக்களுக்குக் கிடைத்த சைகையில் வேண்டுமென்றே ஒரு பிழை கலக்கப்பட்டிருந்தது. 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்க அரசு அப்பிழையை நீக்கியது. நூறு மீற்றர் வரை தடுமாறிய கருவி, அன்றிரவே பத்து இருபது மீற்றருக்குள் இடத்தைக் காட்டத் தொடங்கிற்று. மறுநாளே, மே 3ஆம் திகதி, ஓரிகன் மாநிலத்தில் டேவ் அல்மர் என்பவர் ஒரு கறுப்பு வாளியைக் காட்டோரத்தில் ஒளித்து, அதன் அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் இணையத்தில் அறிவித்தார். வாளிக்குள் புத்தகம், கவண், ஒரு டின் அவரை முதலியன இருந்தன. எடுப்பவர் எதையேனும் வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பதே நிபந்தனை. சில நாட்களுக்குள் மைக் டீக் என்பவர் அதனைக் கண்டெடுத்தார். அன்று ஒரு வாளி. இன்று உலகெங்கும் முப்பது இலட்சத்துக்கு மேற்பட்ட பெட்டிகள்!

குளிர்காலம் வந்தால் வட அமெரிக்காவின் முதியோர் பலர், பனிக்கு அஞ்சி, சக்கர வீடுகளை ஓட்டிக்கொண்டு அரிசோனாப் பாலைவனத்துக்குச் சென்று தங்குவர். 'பனிப்பறவைகள்' என்று அவர்களுக்குப் பெயர். கள்ளியும் கல்லுமாகக் கிடக்கும் அந்நிலத்தில் காலை நடைக்கு ஒரு காரணம் வேண்டுமல்லவா? பெட்டி தேடுதலே அக்காரணமாகிவிட்டது. நெவாடாப் பாலையில் ஒரு நெடுஞ்சாலையின் ஓரமாகவே ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் வரிசையாக வைக்கப்பட்டதுண்டு. வெறுமை என்று நாம் நினைக்கும் வெளியிலும், ஒவ்வொரு கல்லுக்கும் தனித்தனியே ஓர் எண் இருக்கிறது என்பதே இவ்விளையாட்டு கற்பிக்கும் முதற்பாடம்.

மார்கழி மழையில்

எங்கள் மார்கழி பாலைவன மார்கழி அன்று. ஊவாவுக்கு வறட்சி ஆடி, ஆவணியில்தான். அப்போது மலையைத் தாண்டி வரும் காய்ந்த காற்றே ஊவாத் தேயிலைக்கு அதன் பேர்பெற்ற மணத்தைத் தருகிறது. மார்கழியிலோ வடகீழ்ப் பருவக்காற்று நமுனுகுலை மலையின் 2,036 மீற்றர் உச்சியில் மோதி, பதுளையையும் பசறையையும் நாட்கணக்கில் நனைக்கும். அத்தகைய ஒரு மழைநாளில், என் தங்கையின் பேரன் கனடாவின் பனியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். பதினைந்து வயது. கையிலே தொலைபேசி, தோற்பையிலே மூடியிட்ட ஒரு சிறு தகரப் பெட்டி.

"தாத்தா, இங்கே புதையல் தேடலாமா?" என்று கேட்டான்.

முதலில் தெமோதரைக்குச் சென்றோம். பதுளைக்குப் புகையிரதம் வந்த ஆண்டு 1924. அதற்கு முன்னர் மலையின் சரிவைச் சமாளிக்கப் பொறியியலாளர் செய்த வித்தைகளைப் பார்க்க வேண்டுமாயின், எல்லையிலிருந்து தெமோதரை வரை நடக்க வேண்டும். வழியிலே 1921இல் கட்டி முடிந்த ஒன்பது வளைவுப் பாலம், 91 மீற்றர் நீளமும் 24 மீற்றர் உயரமுமாக, கல்லும் செங்கல்லும் சீமெந்துமாய் நிற்கிறது. அப்பால், பாதை ஒரு வட்டம் சுற்றி வந்து, தெமோதரை நிலையத்தின் அடியிலேயே குடைவுக்குள் புகுகிறது. ஒரு கங்காணி தலைப்பாகையைச் சுற்றிக் கட்டுவதைக் கண்டே இந்த உபாயம் தோன்றிற்று என்று ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியாயினும், தலைப்பாகைக்காரரும் அவருடைய ஆட்களும் இல்லாமல் இந்த மலைநாடு இந்த நிலைக்கு வந்திராது என்பது மெய்.

அங்கே நின்று பையன் தன் கருவியைக் காட்டினான். பதுளை நகரம் வடக்கு 7 பாகைக்குச் சற்றுத் தெற்கே, கிழக்கு 81 பாகைக்குச் சற்று அப்பால் உள்ளது. ஒரு பாகை ஏறத்தாழ 110 கிலோமீற்றர். ஒரு விகலை சுமார் 30 மீற்றர். பாகையைத் தசமத்தில் எழுதினால் ஐந்தாம் தானம் ஏறக்குறைய ஒரு மீற்றர். இரு எண்கள் போதும், இப்பூமியில் ஒரு பாய் விரிக்கும் இடத்தைக் குறித்துவிடலாம்! ஆனால் இடுக்கான பள்ளத்தாக்கில் கோள்களின் சைகை பாறையில் பட்டுத் தெறிப்பதால், அம்புக்குறி சற்று நேரம் பித்துப் பிடித்தாற்போல் சுழன்றது. "கடைசிப் பத்து மீற்றரைக் கண்ணால்தான் தேட வேண்டும், தாத்தா" என்றான். அந்தச் சொல் என் மனத்தில் பதிந்தது.

மறுநாள், உறவினர் வசிக்கும் தோட்டத்தில், வீட்டுக்காரரின் அனுமதியோடு வேலியோரத்தில் தன் தகரப் பெட்டியை மறைத்து, லயத்துப் பிள்ளைகளிடம் தொலைபேசியைக் கொடுத்தான். அம்பு வழிகாட்ட அவர்கள் தேடுவார்கள் என்பது அவன் எண்ணம். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி கருவியைத் திரும்பியும் பாராமல் நேரே சென்று பெட்டியை எடுத்துவிட்டாள். எப்படி என்றதற்கு, "அண்ணன் போன பக்கம் புல்லு சாஞ்சு கெடக்கு, கொழுந்துக் கொப்பு ஒண்ணு புதுசா ஒடிஞ்சிருக்கு" என்றாள். தேயிலை மலையில் பிறந்த கண்ணுக்குக் கோள்களின் உதவி எதற்கு?

கோத்தகிரியிலிருந்து ஒரு கேள்வி

இந்தச் செய்தி தொலைபேசி வழியாக உறவினரிடையே பரவிற்று. நீலகிரியில் கோத்தகிரிக்கு அண்மையில் வாழும் ஒரு மூதாட்டியின் காதுக்கும் எட்டிற்று. அவர் 1971இல், பதினாறு வயதில், ஊவாவை விட்டுச் சென்றவர்.

அவ்வாறு சென்றோர் கொஞ்சநஞ்சமல்லர். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரைத் தாம் பிறந்த மண்ணிலேயே நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறீமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. பெட்டி படுக்கையோடு மலைநாட்டு நிலையங்களில் ஏறித் தலைமன்னாருக்குச் சென்ற அந்த வண்டிக்கு மக்கள் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. அக்கரை சேர்ந்தோரில் பலர் நீலகிரியில் மீண்டும் தேயிலையைத்தான் நட்டனர்.

மூதாட்டியின் கேள்வி இது: "நாங்க புறப்படுற வருசத்துக்கு முந்தின வருசம் எங்கம்மா செத்துப் போச்சு. லயத்துக்குப் பின்னால பொதைச்சோம். அந்த எடம் இப்ப இருக்கா, யாராச்சும் பாத்துச் சொல்லுங்க." அடையாளமாக அவர் தந்தவை: நமுனுகுலை தெரியும் பக்கம், கீழ்க்கணக்கு, பீலிக்கரைக்கு மேலே எட்டுக் காம்பரா லயம், கோடியிலே பலாமரம், எதிரே மாடசாமி கல்.

பையன் திகைத்தான். அவன் அறிந்த விளையாட்டில் எண் கையில் இருக்கும், இடத்தைத் தேடவேண்டும். இங்கோ பெயர்கள் கையில் இருந்தன. எண்தான் புதைந்து கிடந்தது.

நில அளவைத் திணைக்களம் நம் நாட்டில் 1800ஆம் ஆண்டு முதல் இருந்து வருகிறது. அளவையாளரைப் பயிற்றும் நிலையமும் நம் ஊவாவிலே, தியத்தலாவையில்தான் உள்ளது. அவர்களுடைய படத்தாளை விரித்தோம். மலையின் உயரக்கோடுகள் இருந்தன, ஓடைகள் இருந்தன, தோட்டத்தின் ஆங்கிலப் பெயரும் இருந்தது. கீழ்க்கணக்கும் பீலிக்கரையும் மாடசாமி கல்லும் இல்லை. தோட்டக் காரியாலயத்தில் விசாரித்தோம். அன்பாகவே பேசினர், ஆனால் அங்கிருந்த ஏட்டில் தேயிலை மலைகளுக்கு இலக்கங்களே இருந்தன. 1975இல் அரசுடைமை, 1992இல் மீண்டும் கம்பனி நிர்வாகம் எனக் கைமாறிய காணிகளில், இடிந்த லயங்களை யார் எழுதி வைப்பர்?

இறுதியில் உதவியவர், கவ்வாத்து வெட்டி ஓய்வுபெற்ற ஒரு முதியவர். எண்பதை நெருங்கும் வயது. "கீழ்க்கணக்கா, வாத்தியாரையா? அது காடாகிப் போச்சே!" என்றவர், கேட்குமுன்னே கத்தியை எடுத்துக்கொண்டு முன்னே நடந்தார். மழை விட்டிருந்தது, அட்டைகள் விடவில்லை. கான்களைத் தாண்டி, ஆளுயர மானாப்புல்லை விலக்கி, ஒரு மணி நேரம் இறங்கினோம். பீலி இருந்தது, மூங்கிலுக்குப் பதிலாகக் கறுப்புக் குழாய். பலாமரம் இல்லை, அடிக்கட்டை மட்டும் இருந்தது. லயம் நின்ற இடத்திலே கருங்கல் அத்திவாரமும், இஸ்தோப்புக்கு ஏறும் இரண்டு படிகளும் எஞ்சியிருந்தன. மாடசாமி கல் மாத்திரம் அசையாமல் நின்றது. அதன் நெற்றியில் எவரோ அண்மையில் இட்ட திருநீறு ஈரத்தில் கரைந்திருந்தது.

பெரியவர் லயத்தின் பின்புறம் சென்று, நின்று, நாலு பக்கமும் பார்த்தார். கல்லிலிருந்து அடியளந்து நடந்தார். பின்பு புல்லை வெட்டி விலக்கினார். தலைமாட்டில் ஒன்றும் கால்மாட்டில் இரண்டுமாக மூன்று கற்கள். "குழி வெட்டினவங்கள்ல எங்கப்பாவும் ஒருத்தர். நான் மம்பட்டி தூக்கிட்டு வந்தேன்" என்றார். அவருக்கு அது ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட செய்தி அன்று, நேற்றுப்போல் இருந்தது.

பையன் தொலைபேசியைக் கல்லின்மேல் வைத்து, அம்பு அமைதியடையும்வரை காத்திருந்து, இரு எண்களைக் குறித்தான். தன் பெட்டியைத் திறந்து அங்கே எதையும் வைக்கவில்லை. வைக்கலாமா என்று கேட்கவுமில்லை. பெரியவர் மட்டும் அருகிலிருந்த காட்டுப் பூ ஒன்றைப் பறித்து வைத்தார்.

அன்றிரவே எண்களும் படமும் கோத்தகிரிக்குச் சென்றன. மூதாட்டி அவற்றைக் காகிதத்தில் எழுதி வாங்கி, தாம் கப்பலேறியபோது கொண்டுவந்த பழைய பாஸ்போட்டோடு தகரப் பெட்டியில் வைத்துக்கொண்டாராம். "போய்ப் பாக்க முடியாட்டியும் எங்க இருக்குன்னு தெரிஞ்சிடுச்சு" என்பது அவர் சொல்லி அனுப்பிய பதில்.

விலாசம் இல்லாத வீடுகள்

இதனை ஒரு குடும்பத்தின் நெகிழ்ச்சிக் கதை என்று மட்டும் வாசகர் கொள்ளலாகாது. தேயிலைத் தோட்டத்து லயங்களுக்குத் தெருப்பெயரும் வீட்டிலக்கமும் கொண்ட தனி விலாசம் இல்லாதிருப்பது தலைமுறை தலைமுறையாக வந்த குறை. வேலைக்கான அழைப்பாயினும் பரீட்சை முடிவாயினும் தோட்டத்தின் பெயருக்கு வந்து, காரியாலயத்தின் வழியாகக் கைமாறியே உரியவரைச் சேரும் வழக்கம் வேரூன்றிவிட்டது. தேயிலைச் செடிக்கு இலக்கம் கொண்ட மலை உண்டு. அதைப் பறித்த கைக்கு இலக்கம் கொண்ட கதவு இல்லை.

இதன் விலை என்ன என்பதை 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் பார்த்தோம். கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. எத்தனை பேர் மண்ணுக்குள் அகப்பட்டனர் என்ற தொகை முதல் நாட்களில் மாறி மாறி அறிவிக்கப்பட்டது. எந்த லயம் எங்கே நின்றது, எந்தக் காம்பராவில் எவர் இருந்தனர் என்பதை உயிர்தப்பியோரின் நினைவே சொல்லவேண்டியிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோதும் பதுளை மாவட்டத்தின் மலைகள் சரிந்தன. ஒரு லயத்தின் இடத்தை இரு எண்களில் குறித்து வைப்பது விளையாட்டாகத் தோன்றலாம். மண் மூடிய பின்னர் எங்கே தோண்டுவது என்று கேட்கும்போது அது விளையாட்டாக இராது.

எண் மட்டும் போதுமா என்றால், போதாது. எண் ஓரிடத்துக்குக் கொண்டுபோய் விடும். அந்த இடம் யாருடையது, அங்கே என்ன நடந்தது என்று சொல்லாது. அதைச் சொல்வது பெயர். எங்கள் தோட்டங்கள் பலவற்றிற்குக் கம்பனி இட்ட ஆங்கிலப் பெயர் ஒன்று, சுற்றுக் கிராமத்தின் சிங்களப் பெயர் ஒன்று, தொழிலாளர் நாவில் வழங்கும் தமிழ்ப் பெயர் ஒன்று என மும்மூன்று பெயர்கள் உண்டு. முதலிரண்டும் படத்திலே ஏறிவிடும். மூன்றாவது, சொல்வோர் உள்ளவரைதான். பதுளைச் சீமையில் பிறந்த எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப் (1934 - 2022), தாம் வாழ்ந்த தோட்டத்தின் பெயரைத் தம் பெயருக்கு முன்னே சூடிக்கொண்டார். 2013இல் தமிழகத்தின் விஷ்ணுபுரம் விருது அவரைத் தேடி வந்தபோது, தெளிவத்தை என்ற தோட்டத்தின் பெயரும் அவரோடு மேடையேறிற்று. ஆனால் ஒவ்வொரு கீழ்க்கணக்குக்கும் ஓர் எழுத்தாளர் வாய்க்க முடியுமா?

ஆகவே மலையகத்து இளைஞர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். உங்கள் கைகளில் உள்ள தொலைபேசியிலே அந்தக் கோள்களின் அறிவு முழுவதும் அடங்கியிருக்கிறது. உங்கள் பாட்டனார் பாட்டிமாரின் நினைவிலே பெயர்கள் முழுவதும் அடங்கியிருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் ஒன்றாக அழைத்துக்கொண்டு நடவுங்கள். பீலி, பெரட்டுக்களம், இடிந்த லயம், பழைய பள்ளிக்கூடம், ரோதை முனி நின்ற மூலை, இடுகாடு ஆகிய ஒவ்வொன்றுக்கும் எதிரே தமிழ்ப் பெயரையும் இரு எண்களையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஒரு பிரதியைப் பள்ளிக்கூடத்திலும் ஒரு பிரதியைக் கோவிலிலும் வையுங்கள். அனுமதி பெற்றுச் செல்லுங்கள். ஒரு கல்லையும் பெயர்க்காதீர்கள்.

கீழ்க்கணக்குக்கு வழிகாட்டிய பெரியவர் இப்போது மேற்கணக்கையும் எழுதி வைக்க ஆள் வேண்டும் என்கிறார். லயத்துப் பிள்ளைகள் இருவர் கொப்பி வாங்கிவிட்டனர். அவர்களில் ஒருத்தி, சாய்ந்த புல்லைக் கண்டு பெட்டியை எடுத்த சிறுமி.